முள் அசைந்தால் போதாது

பழைய பிக்கப் வண்டிக்கு மீட்டர் போர்டு மாற்றுவது அரை நாள் வேலை என்ற எண்ணம் ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, ஜெயங்கொண்டம் என்று இந்த வட்டாரம் முழுக்க ஊறிக் கிடக்கிறது. வண்டி வைத்திருப்பவரும் அப்படித்தான் நினைக்கிறார், ஒயரிங் பார்ப்பவரும் அப்படித்தான் நினைக்கிறார். இருவரும் நினைப்பது தவறு. இன்ஜினைக் காவு வாங்குகிற, சமயத்தில் வண்டியையே எரித்துவிடுகிற தவறு என்பதால்தான் இதை வரிவரியாக மறுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் முழுசாகவே சொல்லிவிடுகிறேன். 1988-இல் வந்த டாடா மொபைல் போன்ற பிக்கப்புக்கோ, அதற்கும் மூத்த மகிந்திரா ஜீப் வகை வண்டிகளுக்கோ, கம்பெனி மீட்டர் போர்டு இன்று லேசில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. பழைய இரும்புக் கடையில் சுமோவோ வேறெதுவோ பிரித்துப் போட்ட மீட்டர் நல்ல நிலையில் கிடைக்கிறது. டேஷ்போர்டைக் கொஞ்சம் வெட்டி அதை உட்கார வைத்து, கலருக்குக் கலர் ஒயரைச் சேர்த்தால் லைட் எரியும், முள் அசையும். சேராத ஒயருக்கு டைரக்ட் லைன் கொடுத்தால் தீர்ந்தது. மெக்கானிக்கல் பம்பு வைத்த டீசல் இன்ஜின் மீட்டரைக் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. பழகிய டிரைவருக்கு இன்ஜின் சத்தமே மீட்டர். மல்லாட்டை மூட்டையும் முந்திரி மூட்டையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய் வரும் வண்டிக்கு இதற்கு மேல் எதற்கு?

இதில் உண்மை இருக்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை. அந்தக் காலத்து டீசல் இன்ஜின் மீட்டர் போர்டைக் கழற்றி வைத்துவிட்டாலும் ஓடத்தான் செய்யும். உதிரி பாகப் பஞ்சமும் நிஜம். வேறு வண்டியின் மீட்டரை எடுத்துப் பயன்படுத்துவதில் எந்தக் குற்றமும் இல்லை. தூக்கி எறிவதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. நான் மறுப்பது மாற்றுவதை அல்ல, மாற்றும் முறையை. டேஷ்போர்டில் கண்ணுக்குத் தெரியும் மீட்டர் அந்தக் கருவியின் பாதிதான். மீதிப் பாதி டீசல் டேங்கில், இன்ஜின் பிளாக்கில், கியர் பாக்ஸில், ஆல்டர்னேட்டரில் இருக்கிறது. ஒரு பாதியை மாற்றிவிட்டு மறுபாதியைத் திரும்பிப் பார்க்காதவர் மீட்டர் மாற்றவில்லை. வண்டிக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார். செத்த மீட்டரை யாரும் நம்புவதில்லை. பொய் சொல்லும் மீட்டரை நம்பித்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

1. கலரை நம்பி ஒயரைச் சேர்க்க முடியாது

கலருக்குக் கலர் என்கிறவர் எந்த நாட்டுக் கலரைச் சொல்கிறார்? பிரிட்டிஷ் லூகாஸ் வழக்கத்தில் பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து பியூஸ்கூட இல்லாமல் நேராக வரும் லைன்; கறுப்பு ஒயர்தான் எர்த். ஜெர்மன் வழக்கத்தில் பழுப்புதான் எர்த். கறுப்பு, சாவி திருப்பியதும் லைன் வரும் ஒயர். நம் நாட்டு வண்டிகளில் இரண்டு வழிகளின் வாரிசுகளும் உண்டு. அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது. டாடா லாரி 1954-இல் டெய்ம்லர் பென்ஸோடு செய்த ஒப்பந்தத்தில் பிறந்தது.

ஒரு வழக்கத்து வண்டியில் மற்ற வழக்கத்து மீட்டரை வைத்து, பழுப்பைப் பழுப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கினால் என்ன ஆகும்? மீட்டரின் எர்த் தடத்தில் பேட்டரி லைன் ஏறும். மீட்டரின் தகரக் கூடு பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த நொடியே ஷார்ட். பிளாஸ்டிக் கூடாக இருந்தால் லைனும் எர்த்தும் தலைகீழாகி, உள்ளே எலெக்ட்ரானிக் பகுதி ஏதாவது இருந்தால் அது போய்ச் சேரும்.

இரண்டு வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே வழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். முப்பது வருடம் ஓடிய வண்டியில் கம்பெனி போட்ட கலர் எங்கே மிஞ்சியிருக்கிறது? ஒவ்வொரு பழுதின்போதும் கடையில் எந்தச் சுருள் இருந்ததோ அந்தக் கலர் உள்ளே போயிருக்கிறது. டேஷ்போர்டுக்கு வரும்போது பச்சையாக இருக்கும் ஒயர் பாதி வழியில் சிவப்பாக மாறியிருக்கும். ஒரு ஒயர் எது என்று சொல்ல வேண்டியது அதன் மறுமுனை. அங்கே அது எதில் பூட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இந்த முனைக்குப் பெயர் எழுத வேண்டும்.

2. காலி டேங்கை நிறைந்ததாகக் காட்டும் முள்

டீசல் முள் அசைவதால் அது சரியாகக் காட்டுகிறது என்று யார் சொன்னது? டேங்குக்குள் இருக்கும் டேங்க் யூனிட், மிதவை ஏறி இறங்க அதற்கேற்ப ரெசிஸ்டன்ஸை மாற்றும் ஒரு சின்னக் கருவி. எத்தனை ஓமுக்கு எவ்வளவு டீசல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உலகில் புழங்கும் சில அளவுகளைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பல காலம் காலிக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம். பழைய ஃபோர்டு வகையில் காலிக்கு 73 ஓம், நிறைவுக்கு 10. ஜெர்மனியின் விடிஓ வகையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஸ்டூவர்ட் வார்னர் வகையில் காலிக்கு 240, நிறைவுக்கு 33.

அளவு மட்டும் மாறவில்லை, திசையே மாறுகிறது. 73-க்கு 10 என்ற டேங்க் யூனிட்டோடு 0-க்கு 90 என்ற மீட்டரைச் சேர்த்தால், டேங்க் வறண்டு கிடக்கும்போது முள் முக்கால் டேங்குக்கு மேலே நிற்கும். டேங்கை நிரப்பினால் முள் அடியில் படுத்துக்கொள்ளும். 10-க்கு 180 என்ற டேங்க் யூனிட்டோடு அதே மீட்டரைச் சேர்த்தால் பாதி டேங்கிலேயே முழு டேங்க் என்று காட்டும். இரண்டிலும் முள் அழகாக அசையும். ஒயரிங்காரர் திருப்தியோடு கூலி வாங்கிக்கொண்டு போவார்.

டீசல் வண்டியில் டேங்க் வற்றினால், ஊற்றி ஸ்டார்ட் பண்ணிவிட முடியாது. பைப்பில் காற்று புகுந்துவிடும். ஃபில்டரிலும் பம்பிலும் நட்டைத் தளர்த்தி, கைப்பம்பு அடித்து, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். விருத்தாசலம் சாலையில் இரவில் லோடோடு நின்றுபோன வண்டிக்கு அடியில் டார்ச் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டியவர் டிரைவர். மீட்டர் வாங்கும்போதே அதன் ஜோடி டேங்க் யூனிட்டையும் சேர்த்து வாங்கியிருந்தால், அல்லது பழைய டேங்க் யூனிட்டின் ஓம் அளந்து அதற்கேற்ற மீட்டரைத் தேடியிருந்தால், இந்த அவதிக்கு இடமே இருந்திருக்காது.

3. எல்லா மீட்டரும் 12 வோல்ட்டைத் தாங்காது

பேட்டரி 12 வோல்ட், ஆகவே மீட்டரும் 12 வோல்ட் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பழைய மீட்டர்கள் அப்படிச் செய்யப்படவில்லை. அக்காலத்து டீசல் முள்ளும் ஹீட் முள்ளும் பலவற்றில் சூடேறி வளையும் ஈருலோகப் பட்டையால் நகர்கின்றன. பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்குவதால் முள்ளும் ஆடாமல் இருக்க, நடுவே ஒரு ஸ்டெபிலைசர் வைத்தார்கள். பிரிட்டனின் ஸ்மித்ஸ் மீட்டர்களுக்கு அது சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அமெரிக்க ஜீப், ஃபோர்டு வகை மீட்டர்கள் பலவற்றுக்கு வெறும் 5 வோல்ட்.

மீட்டரை மட்டும் கழற்றிக்கொண்டு, டேஷ்போர்டின் பின்னால் தனியாகத் தொங்கிய ஸ்டெபிலைசரை இரும்புக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால், 12 வோல்ட் நேராக உள்ளே போகும். முள் உள்ளதைவிட அதிகம் காட்டும். நாளடைவில் உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பி கருகும். ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து மாட்டி, அதன் எர்த்தை மறந்தாலும் அதே கதைதான். எர்த் இல்லாத ஸ்டெபிலைசர் லைனை வெட்டி வெட்டிச் சேர்க்காமல் முழு வோல்டேஜையும் அப்படியே விட்டுவிடும். டீசல் முள்ளும் ஹீட் முள்ளும் சேர்ந்தாற்போல உயர்ந்து நின்றால் டேங்கையும் ரேடியேட்டரையும் நோண்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எர்த் பற்றிய அலட்சியம் இதோடு நிற்பதில்லை. இண்டிகேட்டர் போட்டால் டீசல் முள் துடிக்கிறது, ஹெட்லைட் போட்டால் ஹீட் முள் ஏறுகிறது என்று குறை சொல்லும் டிரைவர்கள் எத்தனை பேர்! மீட்டர் கெட்டுவிட்டது என்று மறுபடி வேறு மீட்டர் தேடுகிறார்கள். மீட்டருக்குச் சரியான எர்த் இல்லாததால் ஒரு பல்பின் கரண்ட் வேறொரு சர்க்யூட் வழியாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். பழைய தகர மீட்டர் பாடியைத் தொட்டு எர்த் எடுத்துக்கொண்டது. பிளாஸ்டிக் மீட்டர் அப்படி எடுக்காது. பெயிண்ட்டைச் சுரண்டிய இடத்தில், லக் போட்டுப் பூட்டிய தனி எர்த் ஒயர் அதற்கு வேண்டும்.

4. சார்ஜிங் லைட் வெறும் லைட் இல்லை

சிவப்பு பேட்டரி லைட் எரியாவிட்டால் என்ன, சார்ஜ் ஆனால் போதாதா என்கிறார்கள். அந்த லைட் எரியாததாலேயே சார்ஜ் ஆகாமல் போகும் என்பதை அறியாத பேச்சு இது. பல ஆல்டர்னேட்டர்களில், சாவி திருப்பியதும் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ரோட்டரில் முதல் காந்தத்தை எழுப்புகிறது. சுமார் 2, 3 வாட் பல்பு அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த ஒயரைச் சேர்க்காமல் விட்டாலோ, பல்பை எடுத்துவிட்டு அழகுக்கு எல்இடி வைத்தாலோ, அந்தக் கரண்ட் போதாமல் போகும். இன்ஜினை ஒருமுறை முறுக்கிப் பிடிக்கும்வரை ஆல்டர்னேட்டர் தூங்கலாம். சிலவற்றில் எழாமலே போகலாம். எல்இடிதான் வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில் இணையாக ஒரு ரெசிஸ்டர் வைத்தாக வேண்டும்.

பழைய ஜீப் வகையில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. அவற்றில் இருப்பது ஆம்ப் மீட்டர். வண்டியின் சார்ஜிங் கரண்ட் முழுக்க அதன் இரண்டு நட்டு வழியாகத்தான் ஓடும். டைனமோ காலத்துக்குச் செய்த அந்த மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பெரிய ஆல்டர்னேட்டரைப் பூட்டினால் நட்டு சூடேறி ஒயர் உருகும். ஆம்ப் மீட்டரைக் கழற்றிவிட்டு அதன் இரு ஒயரையும் வோல்ட் மீட்டரில் பூட்டினால் வண்டியில் கரண்டே ஓடாது. வோல்ட் மீட்டர் இருந்த இடத்தில் ஆம்ப் மீட்டரைப் பூட்டினால் லைனுக்கும் எர்த்துக்கும் நேரடி ஷார்ட். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி வட்டமாக, முள்ளோடு இருக்கின்றன. ஓட்டையில் உட்கார்கிறது என்பதைப் பொருத்தம் என்று நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் புகை வந்த பிறகுதான் தெரியவரும்.

5. காதுக்கு எட்டும்போது காரியம் கெட்டிருக்கும்

பழகிய டிரைவரின் காதை நான் குறைத்து மதிக்கவில்லை. அவர் காது இன்ஜெக்டர் தட்டுவதைக் கேட்கும், பெல்ட் வழுக்குவதைக் கேட்கும். ஆயில் பிரஷர் விழுவதற்குச் சத்தம் கிடையாது. பேரிங் தட்டும் சத்தம் காதில் விழும்போது பேரிங் ஏற்கெனவே தேய்ந்து முடிந்திருக்கும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் எச்சரிக்க இருக்கும் ஒரே ஆள் ஆயில் லைட். சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைந்தால்தான் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். மீட்டர் மாற்றிய பிறகு சாவி போட்டும் எரியாத ஆயில் லைட்டோடு ஓடும் வண்டி, கிராங்க் சாணை பிடிக்கும் செலவை நோக்கி ஓடுகிறது.

சூடும் அப்படித்தான். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, கூட்டத்தின் பின்னே முதல் கியரில் ஊர்ந்துபோகும் ஒரு பழைய பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்குப் போதிய காற்று இல்லை. ஆல்டர்னேட்டரும் மெதுவாகச் சுற்றுகிறது. மேளமும் மக்கள் குரலும் சூழ்ந்த அந்த இடத்தில் இன்ஜின் சத்தம் யார் காதில் விழும்? ஹீட் முள் ஒன்றுதான் துணை. சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைவதுதான் பெரும்பாலான ஹீட் யூனிட்டின் வழக்கம். எந்தச் சூட்டுக்கு எத்தனை ஓம் என்பது யூனிட்டுக்கு யூனிட் வேறு. ஜோடி மாறிய மீட்டரில் முள் நடுவில் நிற்கிறது என்றால் தண்ணீர் இதமாக இருக்கிறதா, கொதிக்கப் போகிறதா என்று சொல்லவே முடியாது. தண்ணீர் முழுக்க வற்றிவிட்டால் நல்ல ஹீட் மீட்டர்கூட இறங்கிக் காட்டக்கூடும். பொருந்தாத மீட்டரை நம்புவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று. சொந்தக்காரரின் காது வண்டியோடு பழகியது. அறுவடைக் காலத்தில் வாடகைக்கு அமர்த்தும் டிரைவரின் காது பழகவில்லை. அவர் மீட்டரைத்தான் பார்ப்பார்.

6. வேகத்தையும் தூரத்தையும் குறைத்துக் காட்டும் கேபிள்

ஸ்பீடாமீட்டர் கேபிளின் நட்டு ஏறிவிட்டால் வேலை முடிந்ததா? ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். அமெரிக்க வழக்கம் மைலுக்கு 1000 சுற்று. கிலோமீட்டர் கணக்கில் சுமார் 621. ஐரோப்பிய மீட்டர்கள் பலவற்றில் கிலோமீட்டருக்கே 1000. முன்னதற்கு அமைந்த கியர் பாக்ஸில் பின்னதைப் பூட்டினால், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 37 என்று காட்டும். அதே கணக்கில் 10,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆயில் மாற்றலாம் என்று கிளம்பும்போது வண்டி உண்மையில் 16,000 தாண்டியிருக்கும். பல மீட்டர்களின் முகத்திலேயே இந்த எண் சிறிதாக அச்சிட்டிருக்கிறது. படிக்க ஒரு நிமிடம் போதும்.

சட்டமும் இதில் பேசுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 117-ஆம் விதி, ஸ்பீடாமீட்டர் இருந்தாக வேண்டும், பிழை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அன்றைக்கு மட்டும் ஓடிக்காட்டும் மீட்டரால் சான்று கிடைக்கலாம். மறுநாள் சாலையில் பிரேக் பிடிக்க வேண்டிய தூரத்தை அந்தச் சான்று குறைத்துக் கொடுக்காது.

7. டைரக்ட் லைன் என்னும் தீக்குச்சி

12 வோல்ட் ஆளை அடிக்காது என்ற துணிச்சலில்தான் டைரக்ட் லைன் பிறக்கிறது. ஆளை அடிக்காது, உண்மை. ஆனால் ஸ்டார்ட்டரைச் சுற்றவைக்க நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும் பேட்டரி, ஷார்ட் ஆன மெல்லிய மீட்டர் ஒயருக்கும் அதே தாராளத்தோடு கொடுக்கும். டேஷ்போர்டுத் தகரத்தின் வெட்டிய விளிம்பில் உரசி உரசி உறை கிழிந்த ஒயர், ஒரு குழியில் வண்டி இறங்கும்போது பாடியைத் தொடும். நடுவே பியூஸ் இல்லையென்றால் ஒயரே பியூஸாகிச் சிவந்து, கூடப் போகும் ஒயர்களையும் கொளுத்தும். பியூஸ் போன இடத்தில் செம்பு இழையை முறுக்கிச் செருகுவதும் இதே குற்றம்தான்.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்போன ஊர். பீங்கான் பியூஸ் கேரியரோ அதுபோன்ற வேறு பாதுகாப்போ இல்லாமல் வீட்டு மெயின் போர்டில் லைன் எடுக்க இங்கே யாரும் சம்மதிக்க மாட்டார்கள். வீட்டுக்கு வேண்டும் என்று தெரிந்த பாதுகாப்பை, டீசல் டேங்கைச் சுமந்துகொண்டு ஓடும் வண்டிக்கு மட்டும் வேண்டாம் என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

சரி, எப்படிச் செய்வது?

கடைசியாக எஞ்சுவது செலவு வாதம். இவ்வளவும் செய்தால் கூலி யார் தருவார்கள் என்று ஒயரிங்காரர் கேட்கிறார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூடுதலாக ஆவது ஒரு மல்டிமீட்டரும் ஒரு நாளும்தான். முதலில் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுவது. டேஷ்போர்டுக்கு வரும் ஒவ்வொரு ஒயரையும் மறுமுனை வரை தேடி, பெயர் எழுதிய துண்டைக் கட்டுவது. டேங்க் யூனிட்டின் மிதவையைக் கீழும் மேலும் நகர்த்தி ஓம் அளந்து குறிப்பது. ஹீட் யூனிட்டை வெந்நீரில் வைத்து அளப்பது. மாட்டப்போகும் மீட்டரை மேசையில் வைத்து, தெரிந்த ரெசிஸ்டர்களைக் கொடுத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. பிறகு முறுக்கி டேப் சுற்றாமல் கப்ளர் போட்டு இணைப்பது. மீட்டர் லைனுக்குத் தனியாக 5 ஆம்பியர் பியூஸ் வைப்பது. தகரத்தில் ஒயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடுவது. எல்லாம் முடிந்ததும் எந்த ஒயர் எது என்று ஒரு தாளில் வரைந்து டேஷ்போர்டு மூடியின் உட்புறம் ஒட்டுவது. அடுத்த ஒயரிங்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இதெல்லாம் வெளிநாட்டு வித்தை என்றும் தள்ளிவிட முடியாது. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் சென்னை பாடியில் ஆல்டர்னேட்டர் செய்கிறது. 1975-இல் கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் தொடங்கிய பிரிக்கால் வண்டி மீட்டர்களைச் செய்கிறது. மீட்டர் தொழில் அறிந்த மாநிலம் நம்முடையது. பட்டறையில் அந்த அறிவு நுழையாமல் தடுப்பது, வேகமாக முடித்துக் கொடு என்று நச்சரிக்கும் வண்டிக்காரரின் பேரம். தேடிப் பார்க்கும் நேரத்துக்குக் கூலி தர மறுப்பவர் பிறகு கிராங்குக்கும் பேட்டரிக்கும் ஒயரிங் செட்டுக்கும் சேர்த்துத் தருகிறார்.

ஆகவே வண்டியை எடுக்கப் போகும்போது லைட் எரிகிறதா, முள் அசைகிறதா என்று கேட்பதை விட்டுவிடுங்கள். டேங்க் காலியாக இருந்தபோது எத்தனை ஓம், மீட்டர் அதற்கு எங்கே காட்டியது, சார்ஜிங் லைட் வழியாக ஆல்டர்னேட்டருக்கு லைன் போகிறதா, பியூஸ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதிலாக எண்ணும் இடமும் வந்தால் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். “எல்லாம் சரியா இருக்குண்ணே” என்பது மட்டுமே பதிலாக வந்தால், அந்த வண்டியில் லோடு ஏற்றாதீர்கள். வேலை இன்னும் முடியவில்லை.